‘போதிய, பொருத்தமான ஏற்பாடு’: கட்டாயக் கல்விச் சட்டமும் வீட்டிலிருக்கும் பிள்ளையும்

பிள்ளையை ஸ்கூலுக்கு அனுப்பாமல் வீட்டில் வைத்துப் படிச்சுக் கொடுப்பது நமது நாட்டில் சட்டப்படி குற்றமா? வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் இப்போது அடிக்கடி கேட்கப்படும் கேள்வி இது. கல்யாண வீட்டில், ஜும்ஆ முடிந்து வாசலில் நிற்கும்போது, வகுப்பு விட்டுப் பிள்ளையைக் கூட்டிப்போக உம்மாமார் காத்து நிற்கும் இடத்தில் என்று எங்கும் இந்தப் பேச்சு வருகிறது. பதில் சொல்கிறவர்களில் ஒரு சாரார் “குற்றந்தான், பொலிஸ் வரும்” என்கிறார்கள். மற்றச் சாரார் “அப்படி ஒரு சட்டமே இல்ல, நம்மட புள்ள, நம்மட இஷ்டம்” என்கிறார்கள். இரண்டும் பிழை. இரண்டு சாராரும் சட்டத்தை வாசிக்காமலேதான் பேசுகிறார்கள் என்பது என் அனுமானம்.

வாசித்தால் என்ன கிடைக்கிறது? மூலச் சட்டம் 1939ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கக் கல்விக் கட்டளைச் சட்டம். வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம், இன்னும் உயிரோடு இருக்கிறது. அதன் கீழ் 1997 நவம்பரில் வர்த்தமானியில் வெளியான ஒழுங்குவிதி, 5 முதல் 14 வயது வரையான பிள்ளைகள் பாடசாலைக்குச் செல்வதைக் கட்டாயமாக்கியது. 1998 ஜனவரியில் அது நடைமுறைக்கு வந்தது. 2016 ஏப்ரலில் மேல் எல்லை 16 ஆயிற்று. இவ்வளவும் பலருக்குத் தெரியும். தெரியாத பகுதி அந்த வாக்கியத்தின் வால். பெற்றோர் பிள்ளையைப் பாடசாலைக்கு அனுப்ப வேண்டும் என்று தொடங்கும் வாக்கியம், அந்தப் பிள்ளையின் கல்விக்குப் போதிய, பொருத்தமான ஏற்பாட்டை அவர்கள் செய்திருந்தாலன்றி என்று முடிகிறது. ‘போதிய’, ‘பொருத்தமான’ என்ற இரண்டும் ஆங்கில மூலத்துக்கு நான் இட்ட தமிழ்.

ஆகவே, கட்டாயம் கல்விக்குத்தான். பாடசாலைக் கட்டடத்துக்கு அல்ல. ‘வீட்டுக்கல்வி’ என்ற சொல் அங்கே இல்லை. அதைத் தடுக்கும் சொல்லும் இல்லை. கதவு சாத்தியிருக்கிறது, ஆனால் பூட்டவில்லை. இதைக் கண்டதும் “பாத்தீங்களா, நான் சொன்னேனே” என்று சந்தோஷப்படுகிற வாப்பாமார் சற்றுப் பொறுக்க வேண்டும். என்னுடைய விமர்சனம் இங்கேதான் தொடங்குகிறது.

‘போதிய’ என்றால் எவ்வளவு? ‘பொருத்தமான’ என்றால் எதற்குப் பொருத்தம்? பிள்ளையின் வயதுக்கா, குடும்பத்தின் வசதிக்கா, சமூகத்தின் வழக்கத்துக்கா, நாட்டின் தொழிற்சந்தைக்கா? இலக்கியத்தில் ஒரு பெயரடை தெளிவில்லாமல் இருந்தால் வாசகனுக்கு அதிகம் நட்டமில்லை, சில வேளை இலாபங்கூட. சட்டத்தில் அப்படி இருந்தால் யாராவது ஒருவர் அதற்கு விலை கொடுக்க வேண்டிவரும். இங்கிலாந்தில் 1944இன் கல்விச் சட்டம் இதே போன்ற கதவைத் திறந்து வைத்தபோது, பிள்ளையின் வயது, ஆற்றல், நாட்டம் ஆகியவற்றுக்குப் பொருத்தம் என்று சேர்த்து எழுதியது. அதையும் அங்கே நீதிமன்றங்கள் பிறகு உரசிப் பார்த்துத்தான் அர்த்தப்படுத்தின. நமது ஒழுங்குவிதி இரண்டு பெயரடைகளைச் சொல்லிவிட்டு நின்றுவிடுகிறது. மேற்பார்வைக்குப் பாடசாலை வரவுக் குழுக்கள் உண்டு. வேலை செய்கிற இடமும் உண்டு, பெயருக்கு மட்டும் இருக்கிற இடமும் உண்டு. அந்தக் குழுவின் கையில் அளவுகோல் இல்லை.

இதன் விளைவைக் காண இரண்டு பிள்ளைகளை நினைத்துப் பார்ப்போம். இருவரும் கற்பனைதான், ஆனால் வாசகர் தமது உறவுக்குள்ளேயே இருவரையும் கண்டிருப்பார். வெள்ளவத்தையில், கடல் தெரிகிற தொடர்மாடியில், 12 வயதுப் பிள்ளை. உம்மா முன்பு ஆசிரியையாக இருந்தவர். மேசையில் லண்டன் பாடத்திட்டப் புத்தகங்கள், மடிக்கணினி, கிழமைக்கு மூன்று நாள் கணித வகுப்பு, மாலையில் குர்ஆன் ஓதிக் கொடுக்க ஆலிமா ஒருவர். கொட்டாஞ்சேனையில், ஒற்றை அறை வீட்டில், 13 வயதுப் பிள்ளை. வயசுக்கு வந்ததோடு ஸ்கூல் நின்றது. வேன் காசு ஒரு காரணம், ரோட்டு ஒரு காரணம், “இனி என்னத்துக்கு” என்ற மூத்தம்மாவின் சொல் இன்னொரு காரணம். காலையில் உம்மாவோடு இடியப்பம் பிழிகிறாள், பகலில் தம்பியைப் பார்க்கிறாள், அஸருக்குப் பிறகு கிதாபு ஓதப் போகிறாள். கிராம உத்தியோகத்தர் வந்து விசாரித்தால் இரண்டு வீட்டு வாசலிலும் ஒரே பதில்தான் கிடைக்கும்: “புள்ள வூட்டுல படிக்கிறா.”

ஒருத்தி வீட்டில் படிக்கிறாள், மற்றவள் வீட்டில் நிற்கிறாள். ஒழுங்குவிதியின் சொற்களால் இந்த இரண்டையும் பிரிக்க முடியவில்லை. வீட்டுக்கல்வி, வீட்டில் நிறுத்தல் என்ற இரண்டையும் நாமும் நமது பேச்சில் ஒன்றாகக் குழப்பி வைத்திருக்கிறோம். ‘படிக்கிறது’ என்று ஒன்றும் ‘ஓதுறது’ என்று ஒன்றும் நம்மிடம் தனித்தனிச் சொல்லாக இருந்தும், கிராம உத்தியோகத்தருக்குப் பதில் சொல்லும்போது மட்டும் ஓதுறது படிக்கிறதாகி விடுகிறது. இடியப்பம் பிழிவதும் அதற்குள் அடங்கி விடுகிறது.

வசதியுள்ளவருக்கு இந்தத் தெளிவின்மை எப்படி உதவியது என்பதற்குச் சர்வதேசப் பாடசாலைகளே சாட்சி. 1960, 1961ஆம் ஆண்டுச் சட்டங்களால் உதவி பெறும் பாடசாலைகள் அரசின் கைக்கு வந்தன. 1961இன் 8ஆம் இலக்கச் சட்டம், 5 முதல் 14 வயது வரையான பிள்ளைகளுக்குப் புதிதாகப் பாடசாலை தொடங்கி நடத்துவதை அரசு அல்லாதவருக்குத் தடுத்தது. பிறகு எப்படிக் காலி வீதி நெடுகிலும் சர்வதேசப் பாடசாலைப் பலகைகள்? அவை கம்பனிச் சட்டத்தின் கீழ் பதிவு பெற்ற கம்பனிகள். கல்வி அமைச்சின் கண்ணில் அவை பாடசாலைகளாகப் பதிவானவை அல்ல. அப்படியானால் அங்கே படிக்கும் பிள்ளை எந்தச் சொல்லின் நிழலில் நிற்கிறது? என் வாசிப்பில், அந்தப் பிள்ளையையும் சட்டத்தின் முன் காப்பாற்றுவது இதே வால்தான், ‘போதிய, பொருத்தமான ஏற்பாடு’. கொழும்பின் பணக்காரப் பிள்ளைகளில் பெரும் பகுதி ஒரு விதிவிலக்குக்குள் இருந்துகொண்டு படிக்கிறது. அதை யாரும் பிரச்சினையாக்குவதில்லை. மாதக் கட்டணம் கட்டப்படுகிற இடத்தில் ‘போதுமா’ என்று கேட்க நமக்குக் கூச்சம் போலும். 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 வரை ஏறியபோது, ஸ்டேர்லிங் பவுணில் பரீட்சைக் கட்டணம் கட்டிய குடும்பங்கள் திணறின. பிள்ளையை நிறுத்தி வீட்டில் வைத்துச் சொல்லிக் கொடுக்கலாமா என்ற யோசனை நடுத்தர வீடுகளுக்குள் வந்ததற்கு இதுவும் ஒரு காரணம். அதற்கு முன், 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டபோது நாடு முழுவதும் ஒரே நாளில் வீட்டுக்கல்வி நாடாகி, தொலைக்காட்சியில் ‘குரு கெதர’ ஓடியது. வீட்டில் என்ன முடியும், என்ன முடியாது என்பதை அந்த இரண்டு வருடம் ஒவ்வொரு உம்மாவுக்கும் காட்டிவிட்டது.

இதே விதிவிலக்கு மத்ரஸாவின் மீது விழும்போது மட்டும் சத்தம் எழுகிறது. 2019 ஏப்ரல் 21க்குப் பிறகு எழுந்த சூழலில், தேசிய பாதுகாப்புக்கான பாராளுமன்ற மேற்பார்வைக் குழு 2020 பெப்ரவரியில் முன்வைத்த அறிக்கை, மத்ரஸா மாணவர்களை மூன்று வருடத்துக்குள் சாதாரண பாடசாலை முறைக்குள் சேர்க்க வேண்டும் என்றது. 2021 மார்ச்சில் அப்போதைய பொதுமக்கள் பாதுகாப்பு அமைச்சர் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மத்ரஸாக்கள் மூடப்படும் என்று அறிவித்தார். தேசிய கல்விக் கொள்கைக்கு மாறாக யாரும் ஒரு பாடசாலையைத் திறந்து விரும்பியதைக் கற்பிக்க முடியாது என்பது அவர் சொன்ன காரணத்தின் சாரம். நியாயமான கொள்கைதான். ஆனால் அது ஒரு சமூகத்தின் பக்கம் மட்டும் திரும்பி நின்று பேசப்பட்டபோது அதன் நியாயம் கெட்டது. பிரிவெனாக்களுக்கு 1979இன் 64ஆம் இலக்கப் பிரிவெனாக் கல்விச் சட்டம் இருக்கிறது. சமயக் கல்வியும் பொதுக் கல்வியும் ஒரே கூரையின் கீழ் நடப்பதை இந்த நாட்டின் சட்டம் ஏற்று, அதற்கு நிதியும் ஒதுக்குகிறது என்பதற்கு அது அத்தாட்சி. அரபுக் கல்லூரிக்கு அப்படியொரு சட்டம் இல்லை. முஸ்லிம் சமய பண்பாட்டலுவல்கள் திணைக்களத்தின் பதிவு உண்டு, அவ்வளவுதான். இந்தியாவில் 2009இன் கல்வியுரிமைச் சட்டத்தை 2012இல் திருத்தி, மத்ரஸாக்களுக்கும் வேத பாடசாலைகளுக்கும் அது பொருந்தாது என்று ஒரே வரியில் விலக்கினார்கள். நம்மில் சிலர் அதை முன்மாதிரி என்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அந்த வரி நிறுவனத்தைக் காப்பாற்றுகிறது. உள்ளே இருக்கும் 11 வயதுப் பையனுக்கு ஹிப்ளு முடிகிற போது கணக்கும் தமிழும் சிங்களமும் கொஞ்சமாவது கிடைத்திருக்குமா என்ற கேள்வியை அது கேட்பதே இல்லை.

பெற்றோருக்கு நியாயம் செய்ய வேண்டும். பிள்ளையை ஸ்கூலிலிருந்து எடுக்கிற எல்லா வாப்பாவும் பிற்போக்கானவர் அல்லர். 2024இல் திருகோணமலை ஸாஹிராக் கல்லூரியின் மாணவிகள் 70 பேரின் உயர்தரப் பெறுபேறுகள், காது மறையத் தலையை மூடியிருந்தார்கள் என்ற காரணத்துக்காக நிறுத்தி வைக்கப்பட்டன. இந்தச் செய்தியை வாசித்த ஒரு தகப்பன் தன் மகளின் ஸ்கூலை வேறு கண்ணால் பார்ப்பதைக் குற்றம் சொல்ல முடியாது. வகுப்பில் 45 பேர் இருக்க, வாசிக்கத் தடுமாறும் தன் மகன் கடைசி வாங்கில் ஒதுக்கப்படுவதைக் கண்ட உம்மாவும் அப்படித்தான். ஊனமுற்ற பிள்ளைகளின் நிலை இன்னும் கஷ்டம். 1996இன் 28ஆம் இலக்கச் சட்டம் கல்வி நிறுவனத்தில் பாரபட்சம் கூடாது என்கிறது. படிக்கட்டு உள்ள கட்டடம் அந்தச் சட்டத்தை வாசிப்பதில்லை. இந்தப் பிள்ளைகள் பலருக்கு வீடுதான் கிடைத்த ஒரே வகுப்பறை.

ஆனால் நமது மேடைகளில் வீட்டுக்கல்விக்காகப் பேசுகிறவர்கள் இந்தப் பிள்ளைகளைப் பற்றிப் பேசுவதில்லை. அவர்கள் ‘பெற்றோரின் உரிமை’யைப் பற்றிப் பேசுகிறார்கள். அதற்கு ஆதாரமாக இலக்கியத்திலிருந்தும் எடுத்துக்காட்டு சொல்கிறார்கள்: வீட்டில் இருந்தபடி எழுதவந்த முஸ்லிம் பெண்கள் இல்லையா? இருக்கிறார்கள். அவர்களின் கதையைக் கொஞ்சம் சரியாகப் பார்ப்போம். ரொக்கையா சகாவத் ஹுசைனுக்கு வங்காளமும் ஆங்கிலமும் வீட்டில்தான் கிடைத்தன. மூத்த சகோதரரும் சகோதரியும் சொல்லிக் கொடுத்தார்கள், அதுவும் ஒளித்து. அந்தப் படிப்பைக் கொண்டு அவர் என்ன செய்தார்? கணவர் இறந்த 1909ஆம் ஆண்டிலேயே பாகல்பூரில் பெண்பிள்ளைகளுக்குப் பாடசாலை தொடங்கினார். 1911இல் அதைக் கல்கத்தாவில் நிறுவினார். வீடு வீடாகப் போய்ப் பெற்றோரிடம் பிள்ளைகளைக் கேட்டார். வீட்டுக்கல்வியின் சிறந்த மாணவி வீட்டை விட்டுப் பிள்ளைகளை வெளியே கொண்டுவரத்தான் வாழ்நாளைச் செலவிட்டார். நமது மொழியில், நமது காலத்தில், துவரங்குறிச்சி சல்மா. பருவமடைந்த வயதில் பள்ளிப் படிப்பு நிறுத்தப்பட்டு, வருடக்கணக்காக வீட்டுக்குள் இருந்தவர். ‘இரண்டாம் ஜாமங்களின் கதை’ 2004இல் வந்தபோது, அந்த வீடுகளுக்குள் என்ன நடக்கிறது என்பதைத் தமிழ் வாசகர் முதன்முறையாக அவ்வளவு பக்கத்தில் கண்டார். “வீட்டில் நிறுத்தியதால்தான் சல்மா வந்தார்” என்று ஒருவர் சொன்னால், அவருடன் நிறுத்தப்பட்டு எதுவும் எழுதாமல் போன மற்றப் பிள்ளைகளின் எண்ணிக்கையையும் அவர் சொல்லட்டும்.

1882இல் ‘முஸ்லிம் நேசன்’ தொடங்கிய சித்திலெப்பை பேசியதும் இதுதான். 1892இல் மருதானையில் ஸாஹிரா தோன்றிய காலத்தில், சமூகம் பயந்தது மிஷன் பள்ளிக்கூடங்களுக்கு. பயத்துக்குக் காரணமும் இருந்தது. அதற்கு அவரும் வாப்பிச்சி மரிக்காரும் கண்ட பதில் பிள்ளையை வீட்டில் வைத்துக்கொள்வது அல்ல, சொந்தமாக ஒரு பள்ளிக்கூடம் கட்டுவது. இன்று அந்த வழியும் சுருங்கிவிட்டது. சொந்தமாகக் கட்டினால் கம்பனியாகத்தான் கட்ட வேண்டும். கம்பனிக்கு இலாபம் வேண்டும். கொட்டாஞ்சேனைப் பிள்ளையிடம் இலாபம் கிடையாது.

சரி, ‘பொருத்தம்’ என்பதற்கு அளவுகோல் எங்கேயாவது உண்டா? ஒன்று உண்டு, அதுவும் ஒரு சிறுபான்மைச் சமூகத்தின் வழக்கிலிருந்து வந்தது. 1985இல் லண்டனில் ஒரு வைதீக யூதப் பள்ளியின் வழக்கு, தல்மூத் தோரா மச்சிக்கே ஹடாஸ் வழக்கு, நீதிபதி வுல்ஃப் முன் வந்தது. அவர் கண்ட முடிவின் கருத்து இது: பிள்ளை எந்தச் சமூகத்தைச் சேர்ந்ததோ அந்தச் சமூகத்துக்குள் வாழ்வதற்குத் தயார் செய்யும் கல்வி பொருத்தமான கல்விதான், நாடு முழுவதற்கும் பொதுவான வாழ்க்கைமுறைக்குத் தயார் செய்ய வேண்டுமென்பதில்லை, ஆனால் பிள்ளை வளர்ந்த பின் வேறொரு வாழ்க்கையைத் தெரிந்தெடுக்க விரும்பினால் அந்த வழியை அந்தக் கல்வி அடைத்துவிடக் கூடாது. நமக்கு இதைவிடப் பொருந்துகிற அளவுகோலை நான் காணவில்லை. முதற்பகுதி சமூகத்தின் பயத்தைத் தீர்க்கிறது. ஓதுறதுக்கு அங்கே இடமுண்டு. இரண்டாம் பகுதி பிள்ளையைக் காப்பாற்றுகிறது. இடியப்பம் பிழியும் அந்தப் பிள்ளை 16 வயதில் சாதாரண தரப் பரீட்சைக்குத் தனிப்பட்ட பரீட்சார்த்தியாகத் தோற்ற நினைத்தால் முடியுமா? சிங்களத்தில் ஒரு படிவம் நிரப்ப முடியுமா? முடியாது என்றால் ஏற்பாடு பொருத்தமற்றது. வெள்ளவத்தைப் பிள்ளையையும் இதே கேள்வியால் சோதிக்கலாம்: லண்டன் பரீட்சை எல்லாம் சித்தி, ஆனால் தமிழில் ஒரு பக்கம் எழுதத் தெரியாது என்றால், அவளுக்கும் ஒரு வழி அடைபட்டிருக்கிறது.

இன்னொரு வழக்கை நம்மவர்கள் பெற்றோர் பக்கம் சாய்ந்து மேற்கோள் காட்டுவதுண்டு: 1972இல் அமெரிக்க உயர் நீதிமன்றம் தீர்த்த யோடர் வழக்கு. எட்டாம் வகுப்புக்கு மேல் பிள்ளைகளை அனுப்ப மறுத்த ஆமிஷ் பெற்றோர் வென்றார்கள். ஆனால் நீதிபதி டக்ளஸ் அதில் ஒரு பகுதியில் மாறுபட்டு நின்றார். பெற்றோர் பேசினார்கள், அரசு பேசியது, அந்தப் பிள்ளைகளிடம் யார் கேட்டது என்பதே அவருடைய கேள்வி. நமது நாடு சிறுவர் உரிமைச் சமவாயத்தை 1991இல் ஏற்றது. பிள்ளையின் கருத்துக்குச் செவிகொடுக்க வேண்டும் என்பது அதில் உள்ளது. ஆனால் அரசியலமைப்பின் அடிப்படை உரிமை அத்தியாயத்தில் கல்வி என்று தனியே ஓர் உரிமை இல்லை. 27ஆம் உறுப்புரையில் அரசுக்கு வழிகாட்டும் கோட்பாடாக இருக்கிறது, 29ஆம் உறுப்புரை அதை வைத்து வழக்காட முடியாது என்கிறது. பெற்றோருக்குக் கடமை எழுதப்பட்டிருக்கிறது, விதிவிலக்கும் எழுதப்பட்டிருக்கிறது. பிள்ளை மட்டும் அந்த வாக்கியத்தில் செயப்படுபொருளாகவே நிற்கிறது.

அளவுகோல் கேட்பது ஆபத்து என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். “இப்ப யாரும் பாக்கிறதில்ல. நாமளே போய்ச் சொன்னா, நம்மட வூட்டுக்குத்தான் முதல்ல வருவாங்க.” 2019க்குப் பிறகு வீடு வீடாக நடந்த தேடுதல்களை மறக்காத ஒரு சமூகத்தில் இந்தப் பயம் வெறும் சாட்டு அல்ல. ஜேர்மனி போல ஒரு நாடு வீட்டுக்கல்வியையே மறுக்கிறது. 2006இல் கொன்ராட் குடும்பத்தின் வழக்கில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் அதில் பிழை காணவில்லை. நமது அரசும் எழுதத் தொடங்கினால் அப்படி எழுதிவிடலாம். ஆனாலும் எழுதாத சட்டம் நம்மைக் காப்பாற்றுகிறது என்பது மயக்கம். எழுதாத சட்டத்தை ஒரு அமைச்சர் ஒரு காலையில் தன் விருப்பப்படி வாசிக்கலாம் என்பதை 2021 மார்ச் காட்டியது. அளவுகோல் எழுதப்பட்டால் அது சர்வதேசப் பாடசாலைக்கும் பிரிவெனாவுக்கும் மத்ரஸாவுக்கும் வீட்டுக்கும் ஒன்றாக எழுதப்பட வேண்டும் என்று கேட்கிற துணிவு நமது அமைப்புகளுக்கு வேண்டும். கொட்டாஞ்சேனை வீட்டுக்குள் வந்து கேட்பது ஒரு பெண் அதிகாரியாக இருக்கட்டும், பொலிஸாக இருக்க வேண்டாம் என்றும் அதோடு சேர்த்துக் கேட்கலாம்.

அதுவரை, உண்மையிலேயே வீட்டில் படிப்பிக்கிற பெற்றோர் செய்யக்கூடியது ஒன்று உண்டு. யாரும் கேட்கும்வரை காத்திராமல் வலயக் கல்விப் பணிப்பாளருக்கு ஒரு கடிதம் எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்பி, பிரதியைக் கையில் வைத்துக்கொள்வது. பிள்ளையின் பெயர், வயது, எந்தப் பாடத்திட்டம், யார் படிப்பிக்கிறார், நாளுக்கு எத்தனை மணி நேரம், எந்த வருடம் எந்தப் பரீட்சை. தமிழ், சிங்களம், கணிதம், விஞ்ஞானம் என்று நான்கு வரி. சட்டம் இப்படியொரு கடிதத்தைக் கேட்கவில்லை. ஆனால் ‘ஏற்பாடு செய்திருக்கிறேன்’ என்று நாளை நீதவான் முன் சொல்ல நேர்ந்தால் கையில் இருக்கும் ஒரே சாட்சி அதுதான். அந்தக் கடிதத்தை எழுத உட்காரும்போது ‘எந்தப் பரீட்சை’ என்ற இடத்தில் பேனை நின்றுவிடுகிற வாப்பாமாரும் இருப்பார்கள். அவர்களுடைய பிள்ளைக்கு அடுத்த தவணையிலேயே மீண்டும் வகுப்பில் இடம் கேட்கலாம். 16 வயது நிறையும்வரை அந்தப் பிள்ளைக்கு அது சட்டப்படி உரியது.